இல்லாத கால்வாயும் நிலைத்த பெயரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புவியியல்)

எங்கள் கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில், முதுகு கிழிந்து தையல் நூல் தொங்கும் பழைய அட்லஸ் ஒன்று உண்டு. 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அச்சானது. சென்ற பருவத்தில் வேறு ஏதோ குறிப்புக்காக அதைப் புரட்டியபோது தென் துருவப் படம் கண்ணில் பட்டது. தென் அமெரிக்காவின் நுனியை நோக்கி அண்டார்க்டிகா கைநீட்டியதுபோல் இருக்கும் பகுதியை அதில் ஒரே நிலமாகக் காட்டவில்லை. நடுவே கடல் புகுந்து ஓடுவதாகக் கால்வாய்கள் வரைந்திருந்தார்கள். அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. கேசி கால்வாய், கிரேன் கால்வாய் என்று மணிமணியான எழுத்தில் அச்சிட்டிருந்தது.

வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் அட்லஸில் அதே பகுதி இடைவெளியே இல்லாத தீபகற்பம். துறைக் கணினியில் பெரிய அளவைப் படம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிரேன் என்ற பெயர் இருந்தது. ஆனால் அது கால்வாயின் பெயராக இல்லை. ஒரு பனியாற்றின் பெயராக இருந்தது.

இரண்டு படங்களையும் கைபேசியில் எடுத்துக்கொண்டு போய் அன்றிரவு அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் இளமையில் நில அளவையருக்குச் சங்கிலி பிடித்துப் பல வருடம் வரப்புகளில் அலைந்தவர். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல படம் போட்டவன் எறங்கிப் பாக்கலையா?" என்று கேட்டார். இல்லையப்பா, விமானத்திலிருந்து பார்த்தார்கள் என்றேன். "அதான். ஏரிக்கரை மேல நின்னு பாத்தா வாய்க்காலும் வண்டிப்பாதையும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார்.

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரைக்கான செய்திகளைச் சேர்க்கத் தொடங்கினேன்.

கடலிலிருந்து கண்ட கரை

ஒரு கண்டம் இருக்கிறதா இல்லையா என்பதே நெடுங்காலம் ஐயமாக இருந்தது. கேப்டன் ஜேம்ஸ் குக் 1773 ஜனவரியில் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் 71 பாகை 10 கலை தென் அட்சரேகை வரை சென்றும் நிலத்தைக் காணாமலே திரும்பினார். பனிதான் வழியை மறித்தது. 1820 ஜனவரி இறுதியில் ரஷியக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹௌசன் ஒரு புறமும், பிரிட்டனின் எட்வர்டு பிரான்ஸ்ஃபீல்டு மற்றொரு புறமும், சில நாள் இடைவெளியில் கண்டத்தின் விளிம்பைக் கண்டார்கள். முதலில் கண்டவர் எவர் என்ற வழக்கு இன்றும் புத்தகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் நான் புகவில்லை. கண்டதை எப்படி வரைந்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

நாங்கள் கல்லூரி மைதானத்தில் பிளேன் டேபிள் வைத்துச் செய்யும் வெட்டுமுறைக்கும் அவர்கள் செய்ததற்கும் அடிப்படை ஒன்றேதான். கப்பல் ஓரிடத்தில் இருக்கும்போது தொலைவில் தெரியும் மலைமுகட்டின் திசையைக் குறித்துக்கொள்வார்கள். சில மைல் ஓடிய பிறகு அதே முகட்டின் திசையை மறுபடி குறிப்பார்கள். இரு திசைக்கோடுகளும் வெட்டும் இடத்தில் முகடு. கப்பல் ஓடிய தொலைவுதான் அடிக்கோடு. எங்கள் அடிக்கோடு மைதானத்தில் நாடா பிடித்து அளந்தது, அசையாது. அவர்களுடையதோ நீரோட்டத்தில் நகரும் அடிக்கோடு. அது பிழைத்தால் மலையும் இடம் மாறிப்போகும். தென் காந்த துருவத்தை நெருங்க நெருங்கத் திசைகாட்டியின் முள்ளும் சோம்பிப்போகும்.

இவற்றைவிடப் பெரிய இடர் கண்ணே செய்வது. தூசியில்லாத அந்தக் காற்றில் எட்டிய மலையும் கிட்டத் தெரியும். அளவு சொல்ல அங்கே மரமோ வீடோ கிடையாது. போதாக்குறைக்குக் கடலை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சற்றே வெப்பமான காற்று படியும்போது ஒளி வளைந்து, தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்க வேண்டிய நிலத்தை மேலே தூக்கிக் காட்டும். நம் தார்ச்சாலையில் தண்ணீர் தெரிவதற்கு நேர்மாறான கானல் இது.

இந்தக் கண்மயக்கம் இரு நாட்டு மாலுமிகளிடையே மனக்கசப்பையும் உண்டாக்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் வில்க்ஸ் 1840-இல் கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையோரமாக நெடுந்தொலைவு ஓடி, ஆங்காங்கே நிலம் கண்டதாகக் குறித்தார். தம் படத்தின் நகலை, பின்னால் வரவிருந்த பிரிட்டன் மாலுமி ஜேம்ஸ் கிளார்க் ராஸுக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பியும் வைத்தார். 1841-இல் ராஸ் அந்தப் படத்தில் மலை வரைந்திருந்த ஓரிடத்துக்குக் கப்பலை விட்டார். அங்கே மலை இல்லை. ஆழம் காண முடியாத கடல்தான் இருந்தது. பெரும் சச்சரவு எழுந்தது. வில்க்ஸ் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. அந்தப் பகுதி தாம் கண்டதன்று, பேலனி என்ற மற்றொரு மாலுமி கண்டதாகக் கேள்விப்பட்டதைக் குறித்ததுதான் என்றார். அப்படியே ஏற்றுக்கொண்டாலும், கண்டதையும் கேட்டதையும் ஒரே மையில் ஒரே மாதிரிக் கோடாக இழுத்துவிட்டால் படத்தைப் பெறுகிறவர் எப்படிப் பிரித்தறிவார்? பின்னாளில் வந்தவர்கள் வில்க்ஸ் கண்ட நிலத்தில் பல பகுதிகள் உண்மையே என்று காட்டினார்கள். வில்க்ஸ் நிலம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

ராஸும் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாம் கண்ட பெரும் பனித்தட்டின் தெற்கே பாரி மலைகள் என்ற மலைத்தொடர் இருப்பதாகப் பெயரிட்டு வரைந்தார். அறுபது ஆண்டுகள் கழித்து ஸ்காட்டின் குழு சென்று பார்த்தபோது அந்த மலைகள் இல்லை. மக்மர்டோ விரிகுடா என்று ராஸ் குறித்ததும் விரிகுடா அன்று, இருபுறமும் திறந்த நீர்வழி என்று அப்போதுதான் தெரிந்தது.

வானத்திலிருந்து கண்ட கரை

இனிக் கிரேன் கால்வாய்க்கு வருகிறேன். அதை வரைந்தவர் ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் வில்கின்ஸ். 1928 டிசம்பர் 20 அன்று, டிசெப்ஷன் தீவின் எரிமலைச் சாம்பல் தரையிலிருந்து, பென் ஐல்சன் ஓட்டிய லாக்ஹீடு விமானத்தில் கிளம்பினார். தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஏறத்தாழ 600 மைல் சென்று, எரிபொருள் பாதி தீர்ந்ததும் திரும்பினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அண்டார்க்டிகாவில் முதன்முதலாக ஒரு விமானம் பறந்தது, அதுவும் இவர்களுடையதே. நாய்வண்டியில் போனால் மாதக்கணக்கில் ஆகும் கரையை ஒரே பகலில் கண்ணால் பார்த்துவிட்ட முதல் மனிதர்கள் இவர்கள். வில்கின்ஸ் கைக் கேமராவில் படமெடுத்தார். தாளில் கோட்டுப்படமும் போட்டுக்கொண்டே வந்தார்.

பார்த்த இடத்துக்கெல்லாம் பெயர் வைத்தார். செலவுக்குப் பணம் தந்த பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் பெயரில் ஹெர்ஸ்ட் நிலம். எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் சரக்கான மொபிலாயில் பெயரில் ஒரு கடற்கழி. ஒரு குடாவுக்குள் பல பனியாறுகள் வட்டமாக வந்து சேர்வதைக் கண்டு, தம் விமானத்தின் வேர்ல்விண்டு எஞ்சினில் உருளைகள் சக்கரம்போல் அமைந்திருப்பது நினைவுக்கு வர, வேர்ல்விண்டு பனியாறுகள் என்றார். இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது யாருக்கும் கடன் தீர்ப்பதற்காக வைத்த பெயரன்று. பார்த்த கண்ணுக்குத் தோன்றிய பெயர்.

தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கால்வாய்கள் இருப்பதாகவும் அவர் முடிவு செய்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரேன் என்பவரின் பெயர் ஒன்றுக்கு, கேசி என்ற ஆஸ்திரேலியரின் பெயர் ஒன்றுக்கு. எப்படி அப்படித் தோன்றியது என்று யோசித்துப் பார்த்தேன். பனியாறு என்பது மலைகளுக்கிடையே மெல்ல நகரும் பனி. அதன் மேற்பரப்பு தட்டையானது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். உறைந்த கடல்நீரின் மேற்பரப்பும் தட்டையானதே. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைப் பாதை. எது கடல்மட்டத்தில் கிடக்கிறது, எது அதற்கு மேல் ஏறிச் செல்கிறது என்று உயரம் அளக்காமல் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் நின்று பார்த்த அப்பாவின் வாய்க்காலும் வண்டிப்பாதையும்தான்!

இடத்திலும் பிழை. கீழே தெரிந்த ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதை வேகத்தையும் நேரத்தையும் பெருக்கித்தான் கணக்கிட வேண்டியிருந்தது. எதிர்க்காற்று மணிக்கு 20 மைல் என்று வைத்துக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் 40 மைல் பிசகிவிடும். (இது நானாகப் போட்ட கணக்கு, அன்று காற்று எவ்வளவு என்பதன்று.)

படத்தை நம்பிப் போனவர்கள்

அச்சான படம் சும்மா இருப்பதில்லை. அதை நம்பி ஆட்கள் புறப்படுகிறார்கள். 1934-இல் ஜான் ரைமில் என்ற ஆஸ்திரேலியரின் தலைமையில் பிரிட்டிஷ் கிரகாம் நிலப் பயணக் குழு பெனோலா என்ற சிறு கப்பலில் கிளம்பியது. மொத்தம் பதினாறு பேர், நாய்கள், ஒரு சிறு விமானம். வில்கின்ஸ் காட்டிய கால்வாய்கள் இருந்தால் அவற்றின் உறைந்த தளத்தில் சறுக்குவண்டி ஓட்டி மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லலாம் என்பது அவர்கள் எண்ணம். மேற்குப் பக்கமிருந்து தேடினார்கள். வாய் எங்கும் திறக்கவில்லை. மலைச்சுவர் தொடர்ச்சியாக நின்றது.

வழி இல்லை என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார்கள். 1936-இல் ரைமிலும் மருத்துவரான பிங்ஹாமும் நாய்வண்டிகளோடு மேட்டுநிலத்தின் மேலேறியே தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தார்கள். ஸ்டீபன்சன் என்ற அளவையாளரும் இரண்டு தோழர்களும் தெற்கே, இன்று ஆறாம் ஜார்ஜ் நீரிணை எனப்படும் பனி மூடிய பெரும் பள்ளத்தில் 72 பாகை வரை சென்று அளந்தார்கள். தியோடலைட்டால் சூரியனின் உயரத்தை எடுப்பது, வானொலியில் வரும் நேரக்குறிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்து தீர்க்கரேகை காண்பது, வண்டியின் பின்னால் கட்டிய சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று பார்த்துத் தொலைவு எழுதுவது, இவையே அவர்கள் வேலை. என் தந்தையின் சங்கிலிக்கு அந்தச் சக்கரத்தை ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

இவ்வாறு தீவுக்கூட்டம் என்று நினைத்தது தீபகற்பம் என்று உறுதியாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலத்தோடு சேர்ந்தது என்று நூறாண்டுகளாக நம்பப்பட்ட அலெக்சாண்டர் நிலமோ (1821-இல் பெல்லிங்ஸ்ஹௌசன் கண்டது) தீவு என்று தெரியவந்தது. 1940-இல் அமெரிக்கர்களான ரோனியும் எக்லண்டும் வண்டி ஓட்டிச் சென்று அதை உறுதி செய்தார்கள். ஹெர்ஸ்ட் நிலமும் பிற்பாடு வெறும் தீவாகச் சுருங்கியது. இல்லாத தீவுகள் ஒட்டிக்கொண்டன. ஒட்டியிருந்தவை தீவுகள் ஆயின.

ஆனால் இந்தக் கதையில் என் மனத்தைப் பற்றியவர் பனியில் நடந்தவர்கள் மட்டுமல்லர். ஜோர்க் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1937-இல் மேசையின்முன் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார். 1935 நவம்பரில் லிங்கன் எல்ஸ்வர்த் கண்டத்தைக் குறுக்கே கடந்து பறந்தபோது எடுத்த படங்கள், வில்கின்ஸின் 1928-ஆம் ஆண்டுப் படங்கள், ரைமில் குழுவின் முதல் அறிக்கைகள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கேசி கால்வாய் உண்மையில் ஒரு பனியாறு என்று சொன்னார். 1940-இல் அங்கே நேரில் சென்றவர்கள் அவர் சொன்னதே சரி என்று கண்டார்கள்.

கிரேன் கால்வாய்க்குத் தீர்ப்பு வர இன்னும் நாளாயிற்று. குறுக்கு வழி இல்லை என்று ரைமில் குழு காட்டிய பிறகு, ஒருபுறம் மட்டும் திறந்த கடற்கழியாக இருக்கலாம் என்று எண்ணிக் கிரேன் கடற்கழி என்று மாற்றி எழுதினார்கள். பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகள் சார்பு அளவைத் துறையினர் 1947-இல் எடுத்த படங்களை வில்கின்ஸின் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான், அது கடலே அன்று, சுமார் 30 மைல் நீளமுள்ள ஒடுங்கிய பனியாறு என்று தெரிந்தது. அதுவும் வில்கின்ஸ் சொன்ன இடத்திலிருந்து வடகிழக்கே 75 கடல் மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர், தள்ளி இருந்தது!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் செய்முறை வகுப்பு நினைவுக்கு வந்தது. முதலாண்டில் தண்ணீர்த் தொட்டியின் இடத்தைக் குறிக்கும்போது, பலகை திரும்பிவிட்டதைக் கவனியாமல் கோடு இழுத்துவிட்டேன். மூன்றாவது கோடு மற்ற இரண்டும் வெட்டும் இடத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தப்பு என்றால் எல்லாரையும்விட எனக்குக் கூடுதலாக வேர்க்கும். அவசரமாக ரப்பரை எடுத்தேன். பேராசிரியர் பின்னால் நின்றிருந்தார். "அழிக்காதே அம்மா. அழித்துவிட்டால் எங்கே பிசகியது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? பக்கத்தில் சரியான கோட்டைப் போடு" என்றார். மதிப்பெண் குறையுமே என்ற கவலையில் அன்று அவர் மீது எனக்கு மனத்தாங்கல்கூட இருந்தது.

வில்கின்ஸின் முடிவு தவறு. ஆனால் அவர் எடுத்த ஒளிப்படம் தவறன்று. அது பத்திரமாக இருந்ததால்தான் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் 140 கிலோமீட்டர் பிழையைக் கண்டுபிடித்து, கிரேன் என்ற பெயரை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க முடிந்தது. வில்க்ஸின் மலைக்கோட்டுக்கு அப்படிச் சான்று எதுவும் இல்லை. அதனால் அங்கே மிஞ்சியது சச்சரவு மட்டுமே.

படம் மட்டும் போதும் என்றும் இதற்குப் பொருளில்லை. 1946-47-இல் அமெரிக்கக் கடற்படை ஹைஜம்ப் என்ற பெயரில் 4,700 பேரையும் 13 கப்பல்களையும் அனுப்பிச் சுமார் 70,000 விமானப் படங்கள் எடுத்தது. ஆனால் தரையில் அட்சரேகை, தீர்க்கரேகை அளந்து உறுதி செய்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் போதவில்லை. எந்தப் படம் எந்த இடம் என்று பொருத்த முடியாமல், அடுத்த ஆண்டே ஹெலிகாப்டர்களில் இன்னொரு குழுவை அனுப்பி ஆங்காங்கே இறக்கி அளக்க வைத்தார்கள். அப்பாவின் கேள்வி ஞாபகம் இருக்கிறதல்லவா? எழுபதாயிரம் படம் எடுத்த பிறகும் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பெயர் யாருடையது?

பெயர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். மனைவி அடெலின் பெயரைப் பிரெஞ்சு மாலுமி துமோன் துர்வில் 1840-இல் தாம் கண்ட கரைக்குச் சூட்டினார். அது அடெலி நிலம். அதே குழுவினர் முதன்முதலாகப் பாறைத் துண்டுகளை வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதி புவியமைப்பியலின் பெயரையே தாங்கி நிற்கிறது. ரைமில் குழு இரண்டாம் ஆண்டு தங்கிய டெபன்ஹம் தீவுகள் ஆறு. கேம்பிரிட்ஜில் துருவ ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய பேராசிரியர் டெபன்ஹமின் பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தீவு! அலெக்சாண்டர் தீவில் பீத்தோவன், பாக், மோசார்ட் என்று மேனாட்டு இசைமேதைகள் பனியாய் உறைந்திருக்கிறார்கள். கிரேன் பனியாற்றின் அக்கம்பக்கத்திலோ மெல்வில், பீக்வாடு, ஸ்டார்பக், ஃபிளாஸ்க் என்ற பனியாறுகள் உள்ளன. எல்லாம் 'மோபி டிக்' நாவலின் ஆசிரியரும் அதிலுள்ள கப்பலும் மாந்தரும்தாம். ஆட்கள் வாழாத நிலம் ஆகையால் அழிபடப் பழைய பெயர் எதுவும் அங்கே இல்லை. அந்த அளவில் குற்றமற்ற விளையாட்டு.

ஆனால் நாடுகளுக்கு அது விளையாட்டாக இல்லை. தீபகற்பத்தையே பிரிட்டன் கிரகாம் நிலம் என்றது. அமெரிக்கா பாமர் தீபகற்பம் என்றது. அர்ஜென்டினாவும் சிலியும் தத்தம் விடுதலை வீரர்களின் பெயரால் அழைக்கின்றன. ஆங்கிலம் பேசும் இரு நாடுகளும் 1964-இல் உடன்பட்டு, முழுவதும் அண்டார்க்டிக் தீபகற்பம், வடபாதி கிரகாம் நிலம், தென்பாதி பாமர் நிலம் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அண்டார்க்டிக் ஆராய்ச்சிக்கான அனைத்துலக அறிவியல் குழு எல்லா நாடுகளின் பெயர்களையும் சேர்த்துத் தொகுத்திருக்கும் பட்டியலில் 35,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இடங்களோ ஏறத்தாழ அதில் பாதிதான். இப்போது பெயரிடும் குழுக்களுக்கு விதிமுறைகள் உண்டு. அமெரிக்க விதிப்படி நட்புக்காகவோ, நன்கொடைக்காகவோ, வணிகச் சரக்கின் பெயரிலோ, வண்டியிழுத்த நாயின் பெயரிலோ இடங்களுக்குப் பெயர் வைக்கலாகாது. மொபிலாயில் கழி இன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் வேறு பெயர் தேட வேண்டும். நாய்களைச் சேர்த்தது எனக்கு உடன்பாடில்லை. நன்கொடையாளரைவிட நாய் அந்த நிலத்தில் அதிகம் உழைத்தது.

பெண்கள் பெயர் வந்த விதத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. தொடக்கத்தில் அரசிகளாகவோ, வீட்டிலிருந்த மனைவியராகவோ இருந்தாலே பெண்களுக்குப் படத்தில் இடம். 1935-இல் நார்வேயின் திமிங்கிலக் கப்பல் தலைவர் கிளாரியஸ் மிக்கல்சன் கண்ட கரைக்குச் சூட்டிய இங்கிரிட் கிறிஸ்டன்சன் என்ற பெயர், கப்பல் முதலாளியின் மனைவி பெயர்தான் என்றாலும், அவர் நான்கு முறை அந்தக் கடலுக்கு நேரில் சென்றவர். மிக்கல்சனின் மனைவி கரோலின் அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று கரையிறங்கி, அண்டார்க்டிகக் கண்டத்தில் கால்வைத்த முதல் பெண் என்று பெயர் பெற்றார். 1990-களில் அவர்கள் அடுக்கிய கற்குவியலைக் கண்டுபிடித்து ஆராய்ந்தபோது, இறங்கிய இடம் கண்டமன்று, கரையை அடுத்த ஒரு தீவு என்று தெரிந்தது. 1937 ஜனவரியில் கண்டத்தின் பாறையிலேயே இறங்கிய இங்கிரிட்டுக்கு அந்தச் சிறப்பு போய்ச் சேர்ந்தது. 2012-இல் தொடங்கிய நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் லார்ஸ்மன் குன்றுகள் இந்த இங்கிரிட் கிறிஸ்டன்சன் கரையில்தான் உள்ளன.

கோடு நிற்கவில்லை

பிழைகளெல்லாம் திருந்திவிட்டன, இனி படம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படியில்லை. அண்டார்க்டிகாவின் கரையில் பாறை வெளியே தெரிவது 5 விழுக்காடு அளவே. மற்றதெல்லாம் பனிச்சுவரும், நிலத்தோடு ஒட்டியபடி கடலில் மிதக்கும் பனித்தட்டும். ஆகவே அங்கே கரைக்கோடு என்பது ஒரு தேதிக்கு உரியது. 1908-இல் ஷாக்கிள்டன் பெயரிட்ட, 1911-இல் அமுண்ட்சன் தென் துருவத்துக்குப் புறப்பட்ட திமிங்கில விரிகுடா பனித்தட்டின் விளிம்பில் இருந்த ஒரு வளைவு. 1987-இல் சுமார் 150 கிலோமீட்டர் நீளமுள்ள பனிமலை ஒன்று பிய்த்துக்கொண்டு போனபோது அந்த வளைவும் கூடவே போயிற்று. இன்று செயற்கைக்கோள்கள் மேகத்தையும் துருவ இரவையும் ஊடுருவிக் கரையை அளக்கின்றன. 1997-இல் கனடாவின் ரேடார்சாட் பதினெட்டே நாளில் கண்டம் முழுவதையும் பதிவு செய்தது. சரியான படம் கிடைத்தது. ஆனால் அது அந்த ஆண்டுக்குச் சரியான படம்.

கிரேன் பனியாற்றின் முன்னால் லார்சன்-பி என்ற பனித்தட்டு இருந்தது. 1893-இல் அந்த விளிம்போரமாகக் கப்பலோட்டிய நார்வே மாலுமியின் பெயர் அது. 2002-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சில வாரங்களிலேயே, அதில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கிச் சிதறியது. முட்டுக்கட்டை போலத் தாங்கி நின்ற தட்டு போனதும் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்துக் கடலில் சரிந்தன. கிரேன் பனியாற்றின் முகப்பு 10 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. அது இருந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தது. புதிதாய்த் திறந்த அந்தக் கடற்கழிக்குப் புதிய பெயரும் வைத்தாயிற்று. 2011-லிருந்து அங்கே படிந்த கடற்பனி சிறிது காலம் முட்டுக்கொடுக்க, பனியாறு மெல்ல முன்னேறியது. 2022 ஜனவரியில் அதுவும் உடைந்துபோயிற்று.

1928-இல் வில்கின்ஸ் கடல் என்று எழுதிய பள்ளத்தாக்கின் வாயில் இன்று கடல் இருக்கிறது. அவர் சொன்னது பலித்துவிட்டது என்று இதைக் கொள்ளக் கூடாது. குறுக்கே வெட்டிச் செல்லும் கால்வாய் இன்றும் இல்லை, அன்று அங்கே இருந்தது பனியே. ஆனால் பனி எங்கே இருந்தது, எவ்வளவு பின்வாங்கியது என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கணக்கிடும்போது ஒப்பிட வேண்டிய பழைய சான்றுகளில், தவறான பெயரோடும் தவறான இடத்தோடும் எடுத்த அந்த ஒளிப்படமும் ஒன்றாகிவிடுகிறது.

பழைய அட்லஸைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நூலகரிடம் போய்ச் சொன்னேன். தைத்து வைக்கலாம் என்றிருக்கிறார்.

அடுத்த மாதம் எங்கள் வகுப்பு ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்கரையை அளக்கப் போகிறது. அப்பாவிடம் சொன்னேன். ஏரி பெரிதா, தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மொதக் கோட்டை மட்டும் ரெண்டு தரம் அளந்துக்கம்மா. சங்கிலி தொய்யாமப் பாத்துக்க" என்றார்.